பெங்களூரில் கை நனைத்தேன்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் நாலு சின்ன கிளாஸ் பீர் குடித்தேன். அதை வைத்து என் அக்கா மகளுக்குக் கல்யாணமே நிச்சயம் ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

சிரிக்காதீர்கள். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன்.

அக்கா பெயர் செல்வி. வல்லக்கோட்டையில் வீடு. ஓரகடத்தில் ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனி கேண்டீனில் மாவு செக்‌ஷன். இன்றைக்கு ஆட்டி வைப்பாள், நாளைக் காலை ஷிப்டு முழுக்க அந்த இட்லியைத்தான் சாப்பிடும். ஒரே மகள் பவித்ரா. செல்போன் பார்ட்ஸ் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன். லைனில் வருகிற பீஸைப் பார்த்து நல்லதை அனுப்புவாள், மற்றதைத் தள்ளுவாள்.

அக்கா வீட்டுக்காரர் இல்லை. குடித்தே போனார். அதற்கு மேல் அதில் எழுத ஒன்றும் இல்லை.

அதனால் பவித்ராவுக்கு வரன் பார்ப்பது என் வேலை. தாய்மாமன் அல்லவா? ஓசூருக்கு லோடு ஏற்றிப் போய் வருகிறவனுக்கு இது இன்னொரு லோடு. இதற்கு மட்டும் டெலிவரி சலானில் கையெழுத்து வாங்க முடியாது.

குன்றத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பெயர் பிரகாஷ். அப்பா மலைக்கோயில் அடிவாரத்தில் பூஜை சாமான் கடை வைத்திருக்கிறார். கற்பூரம், ஊதுபத்தி, அர்ச்சனைத் தேங்காய். பையன் கெமிஸ்ட்ரி படித்தவன். பெங்களூரில் 'ஃபுட் கம்பெனி'யில் வேலை என்றார்கள்.

நானும் அக்காவும் போய் வீடு பார்த்தோம். பையனின் அம்மா கேசரி, வடை, காபி எல்லாம் கொண்டு வந்து வைத்தார். நாங்கள் தொடவில்லை. வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? பேசி முடிகிற வரைக்கும் பையன் வீட்டில் கை நனைக்கக் கூடாது. நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். தண்ணீர் மட்டும் குடித்தோம். பருப்பு வடை. அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்தது. நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு பேரும் போனில் பேசிக்கொள்ளட்டும் என்று நம்பர் கொடுத்துவிட்டு வந்தோம். இப்போது அதுதானே நடைமுறை?

அந்த வாரமே பவித்ரா கூப்பிட்டாள். நான் வாலாஜா பக்கம் வண்டியை ஓரங்கட்டி டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, அது ஃபுட் கம்பெனி இல்ல."

"பின்ன?"

"பீரு. இவருதான் காய்ச்சறாரு."

கிளாஸைக் கீழே வைத்தேன்.

"யாரு சொன்னது?"

"அவரேதான். மொத போன்லயே சொல்லிட்டாரு. அவங்க அப்பா கூச்சப்பட்டுகினு ஃபுட் கம்பெனின்னு சொல்லிகினு கீறாராம். 'உன்கிட்ட மறைக்க எனக்கு இஷ்டம் இல்ல'ன்னாரு."

"சரி வுடு. வேற எடம் பாக்கலாம்."

"எனக்குப் புடிச்சிக்கீது மாமா."

டீக்குக் காசு கொடுத்தேன். அவளே பேசினாள்.

"நான் லைன்ல பீஸ் பாக்கறவ. ரிஜெக்ட்னா ரிஜெக்ட், ஓகேன்னா ஓகே. இவரு ஓகே. நீ ஒரு வாட்டி நேர்ல போய்ப் பாரு. பாத்துட்டு அம்மாகிட்ட நீயே சொல்லு."

போனை வைத்துவிட்டாள். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள் பாருங்கள்! குடிக்குப் புருஷனைக் கொடுத்தவள் என் அக்கா. அவளிடம் போய், 'மாப்பிள்ளைக்குப் பீர் காய்ச்சுகிற உத்தியோகம்' என்று நான் சொல்ல வேண்டும். அவள் முடியாது என்றால் முடியாதுதான். இந்தப் பெண்ணும் அம்மாவை மீறிப் போகிற ரகம் இல்லை. மனதில் வைத்துக்கொண்டு இன்னொருத்தனுக்குக் கழுத்தை நீட்டுவாள். அதையும் நான்தான் முன்னால் நின்று நடத்தி வைக்க வேண்டும்.

சரி, ஆளையாவது பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன்.

பஸ்ஸில்தான் போனேன். ஸ்டியரிங் பிடிக்கிற அன்றைக்கு நான் தொடுவதில்லை. போகிற இடமோ அந்த மாதிரி. எதற்கு வம்பு?

இடம் வொயிட்ஃபீல்டு பக்கம். முன்பாதி ஹோட்டல். பின்பாதி கண்ணாடிச் சுவர், அதற்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் ஸ்டீல் டேங்குகள். நான் ஒயின்ஷாப்பு பார் மாதிரி ஏதோ நினைத்துப் போயிருந்தேன். அங்கே இருந்தது பால் பண்ணை மாதிரி.

பிரகாஷ் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தலையில் வலை. ஹோஸ் பைப்பைப் பிடித்துத் தரை கழுவிக்கொண்டிருந்தான்.

"வாங்க மாமா. வழுக்கும், அங்கியே நில்லுங்க. இதோ முடிஞ்சிது."

"காய்ச்சறவன்னாங்க. கழுவிகினு கீற?"

"இதான் மாமா வேலையே. பாதி கழுவறது. மீதி காத்துகினு இருக்கிறது. காய்ச்சறது நடுவுல கொஞ்சூண்டு."

லோடு வண்டியும் அப்படித்தான். ஓட்டுவது கொஞ்சம், கம்பெனி கேட்டில் காத்துக் கிடப்பதுதான் மிச்சம். பையன் மேல் எனக்கு லேசாக ஒரு இது வந்தது.

கழுவி முடித்து, கை துடைத்து, ஒரு டேங்கின் அடியில் சின்னக் குழாயைத் திறந்து கிளாஸில் பிடித்தான். நம்ம ஊர் டீ கிளாஸ் அளவுதான் இருக்கும்.

"இது பெல்ஜியம் ஸ்டைலு மாமா. ஃபார்ம்ஹவுஸ் ஏல்னு பேரு. பண்ணை பீரு."

"ஃபார்ம்ஹவுஸா? படப்பை பக்கம் சனிக்கெழமையானா காரு காரா வந்து நின்னு கூத்தடிப்பானுங்களே, அந்த மாதிரியா?"

சிரித்துவிட்டான். "அது இல்ல மாமா. நெஜப் பண்ணை. அந்தக் காலத்துல அங்க விவசாயிங்களே காய்ச்சுவாங்களாம். பனி காலத்துல காய்ச்சி வெச்சி, வெயில் காலத்துல அறுப்புக்கு வர்ற கூலி ஆளுங்களுக்குக் குடுப்பாங்க."

"குடிச்சிட்டு அறுப்பானா?"

"அதுக்குத்தான் மாமா லேசா காய்ச்சறது. தாகம் அடங்கணும், அரிவாளும் கையில நிக்கணும்."

"அப்ப இதுவும் லேசுதான்?"

"இல்ல மாமா. இது அத்தவிட தூக்கல்தான். இங்க வர்றவங்க குடிச்சிட்டு எந்த வயலுக்குப் போகப் போறாங்க?"

லேசுதான் என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். சொல்லவில்லை.

எங்கள் பக்கம் கம்பெனிகளில் சித்திரை வெயிலுக்கு லைனுக்கே மோர் வரும். முதலாளி எந்த தேசமாக இருந்தால் என்ன? வெயிலில் வேலை வாங்க வேண்டுமென்றால் ஆள் வயிற்றில் எதையாவது ஊற்றித்தான் ஆக வேண்டும். பெல்ஜியத்தில் இதை ஊற்றியிருக்கிறார்கள்.

கிளாஸைத் தூக்கிப் பார்த்தேன். வெளுத்த மஞ்சள். தெளிவாக இல்லை, கொஞ்சம் கலங்கல். நுரை மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. நம்ம கடை பீரில் நுரை ஊற்றும்போது வரும், பேசும்போது போய்விடும். 

மோந்து பார்த்தேன். கிராம்பு மாதிரி ஒன்று. ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் வருமே, அது ஒன்று. அடியில் வைக்கோல் வாசனை. நனைந்து காய்ந்த வைக்கோல்.

ஒரு வாய் குடித்தேன்.

"மிளகு போட்டுகீறியா?"

"போடல மாமா."

"நாக்குல காரமா கீதே?"

"அது ஈஸ்ட்டு பண்ற வேலை. பார்லி, கோதுமை, தண்ணி, ஈஸ்ட்டு, கசப்புக்கு ஹாப்ஸ்னு ஒரு பூ. அவ்ளோதான்."

நம்பவில்லை. மிளகை உறுதி பண்ண இரண்டாவது கிளாஸ் வாங்கினேன். மிளகுதான். ஆனால் மிளகு இல்லை. இனிப்பு என்பது சுத்தமாக இல்லை. வாயில் பட்டதும் துறுதுறுவென்று ஓடி, கசந்து, வறண்டு நின்றுவிடுகிறது. வறண்டதால் இன்னொரு வாய் கேட்கிறது. அறுப்பு ஆளுக்கு இதைக் கொடுத்தவன் விவரமானவன்தான்.

இன்னொன்றும் கவனித்தேன். அவ்வளவு சில்லென்று இல்லை. நாம் என்ன செய்கிறோம்? ஒயின்ஷாப்பில் போய் நின்று ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறோம் — "கூலிங் இருக்கா?" நாக்கு மரத்துப்போகிற அளவுக்குக் குளிர்ந்திருந்தால் நல்ல பீர். ருசி பார்க்கவா போகிறோம்? அதே ஆள் டீக்கடையில் நின்றால் — டிகாக்‌ஷன் தூக்கலாக, சர்க்கரை கம்மியாக, ஆத்தாமல், பழைய பால் இல்லாமல்... டீயில் அவ்வளவு நுணுக்கம். பீரில் கண்ணை மூடிக்கொண்டு ஒரே இழுப்பு. மருந்து குடிக்கிறவன்கூட லேபிள் பார்ப்பான்.

மூன்றாவது கிளாஸுக்கு ஈஸ்ட் பற்றிச் சொன்னான்.

"மத்த பீரு ஈஸ்ட்டுக்கெல்லாம் குளுகுளுன்னு வெச்சிருக்கணும் மாமா. கொஞ்சம் சூடு ஏறினா கோச்சிக்கும். இது வேற. சூட்டுலதான் நல்லா வேலை செய்யும். நம்ம ஊர் வெயிலே போதும்."

ஏசி லைன் ஆள் வேறு, தகர ஷெட் ஆள் வேறு என்பது ஈஸ்டுக்கும் உண்டு போல. 

அவனும் ஒரு கிளாஸ் பிடித்தான். மோந்தான். ஒரு வாய் வைத்து, கண்ணை மூடி, விழுங்கினான். மீதியை அப்படியே தரையில் இருந்த வடிகாலில் கொட்டினான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னாப்பா, கொட்டிட்ட?"

"ருசி பாத்தாச்சே மாமா."

எங்கள் ஊர் ஆள் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் வடிகாலோரம் படுத்து அழுதிருப்பான். நான் அந்த வடிகாலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வந்த வேலை அங்கேயே முடிந்துவிட்டது என்று தோன்றியது. நாலாவது கிளாஸ் அந்த நிம்மதியில் உள்ளே போனது. சிக்கன் வறுவல் ஒரு பிளேட், வேர்க்கடலை ஒரு கிண்ணம். சொன்னால் என்ன? நன்றாகச் சாப்பிட்டேன்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை சுங்குவார்சத்திரத்தில் டீசல் போட நின்றேன். போன்.

"சம்பந்தி!"

"யாருங்க?"

"நான்தாங்க, குன்றத்தூரு. பிரகாஷு அப்பா. கை நனைச்சிட்டீங்களாமே! வூட்ல எல்லாருக்கும் ரொம்ப சந்தோஷம்."

"எப்பங்க நனைச்சேன்?"

"நேத்து. பையன்கிட்ட கேட்டேன், மாமா வந்தாரா, நல்லா கவனிச்சியான்னு. நாலு கிளாஸு, சிக்கனு, வேர்க்கடலைன்னான்."

"அது பீருதானேங்க..."

"பீரா இருந்தா இன்னாங்க? பையன் சமைச்சது. பையன் கையால ஊத்திக் குடுத்தது. அது எங்க வூட்டு சாப்பாடு இல்லாம வேற இன்னா? எங்க வூட்ல சூடா வடை வெச்சும் தொடாத ஆளு நீங்க. மொறை தெரிஞ்சவரு. சும்மா வாய் வெச்சிருப்பீங்களா?"

சொல்லுங்கள், இதற்கு என்ன பதில்? வடைக்கு வாயைக் கட்டியவன் வறுவலில் விட்டுவிட்டேன். மனுஷன் ஃபுட் கம்பெனி என்று ஊருக்குச் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை போலிருக்கிறது. அவரைப் பொறுத்தவரை பையன் சமைக்கிறான்.

"கிருத்திகைக்கு வல்லக்கோட்டை கோயிலுக்கு வர்றோம். அப்டியே உங்க வூட்டுக்கு வந்து பொண்ணுக்குப் பூ வெச்சிட்டுப் போயிடறோம். அக்காகிட்ட சொல்லிடுங்க."

வைத்துவிட்டார். டீசல் போடுகிற பையன் "ஃபுல்லாண்ணா?" என்றான். ஃபுல்தான் என்றேன்.

கிருத்திகைக்கு ஒரு வாரம்கூட இல்லை. சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். ஷிப்டு முடிந்து வந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பவித்ரா உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். காது மட்டும் வெளியே.

"எங்கடா ஆளைக் காணோம் நேத்து?"

"பெங்களூரு போயிருந்தேன். பையனைப் பாக்க."

"எப்டி கீறான்?"

"நல்ல பையன்கா. தெளிவா கீறான். வேலைதான்..."

"வேலைக்கு இன்னா?"

"பீரு காய்ச்சறான்."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. பூண்டு உரித்த கை நின்றது. அவ்வளவுதான்.

"நீ குடிச்சியா அங்க?"

"ருசி பாத்தேன்."

"பாத்துட்டு?"

"அவங்க அப்பாரு போன் பண்ணாரு. நான் கை நனைச்சிட்டேனாம். கிருத்திகைக்குப் பூ வெக்க வர்றாங்களாம்."

பூண்டுத் தட்டைத் தள்ளினாள்.

"எதைக் குடிச்சிட்டு எதைடா நிச்சயம் பண்ணினு வந்துகீற நீ? தாலி அறுத்தவ வூட்டுக்கு சாராயக்காரன் மாப்பிள்ளையா? ஊர்ல கை கொட்டி சிரிப்பாங்கடா."

"சாராயம் இல்லக்கா, பீரு."

"வாயை மூடு."

மூடினேன்.

"அப்டி இன்னா ருசியைக் கண்டுட்ட நீ?"

"மிளகு மாதிரி..."

"மூடுன்னேன்ல?"

உள்ளேயிருந்து பவித்ரா வந்தாள். "மா, மாமாவைத் திட்டாத. நான்தான் போகச் சொன்னேன். எனக்கு அவரு இன்னா வேலை செய்றாருன்னு மொதல்லயே தெரியும்."

"நீ நடுவுல பேசாத."

"எனக்குத்தானே கல்யாணம்? நான் பேசாம யாரு பேசுவா?"

"புடிச்சிக்கீதா?"

"ஆமா. புடிச்சிக்கீது."

"உங்கப்பனையும் எனக்குப் புடிச்சிதான்டி கட்டிகினேன்."

பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடி நின்றது. மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைசியில் அக்காதான் சொன்னாள். "பூவெல்லாம் வேணாம்னு சொல்லிடு. பையனை மட்டும் வரச் சொல்லு. தனியா வரட்டும். நான் பாக்கறேன். பாத்துட்டு வேணாம்னா வேணாம்தான். அப்பறம் ரெண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கக் கூடாது."

பவித்ரா தலையை ஆட்டினாள். துணி மடிக்கப் போய்விட்டாள். மடித்ததையே மறுபடி மடித்தாள்.

வியாழக்கிழமை காலை வந்தான். வேலை முடிந்த கையோடு ராத்திரி பஸ் ஏறி, மாற்றுச் சட்டைகூட இல்லாமல் வந்திருந்தான். அக்காவுக்குக் கேண்டீன் வேன் வருகிற நேரம். கம்பெனிப் புடவை கட்டி, அடையாள அட்டை மாட்டி ரெடியாக இருந்தாள்.

"உக்காருப்பா," என்றாள். உள்ளே போய்க் காபி கொண்டு வந்தாள். டம்ளர் விளிம்பு வரை ஊற்றியிருந்தாள். டபரா இல்லை. தட்டு இல்லை. அப்படியே நீட்டினாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. காலையில் கை நடுங்குகிற ஆளோடு குடித்தனம் பண்ணினவள் அவள். அந்த ஆளுக்கு எந்நாளும் அரை டம்ளர்தான் ஊற்றுவாள்.

பையன் வாங்கினான். ஒரு சொட்டு சிந்தவில்லை. "செம சூடும்மா," என்று கையை மாற்றிக்கொண்டான். அப்போதும் சிந்தவில்லை.

அக்கா எதிரே உட்கார்ந்தாள். மூக்கைச் சுளித்தாள்.

"உன் சட்டையில இன்னா வாசனை?"

"வெந்த பார்லிம்மா. எத்தினி வாட்டி தோச்சாலும் போகாது."

"மாவு வாசனை மாதிரில கீது."

"புளிக்க வெக்கறதுதானேம்மா. நீங்க மாவு, நாங்க கஞ்சி மாதிரி ஒண்ணு."

"மார்கழில எங்க கேண்டீன்ல மாவு எழும்பாது. உயிரை எடுத்துடும். உங்களுக்கு எப்டி?"

"எங்களுக்கு டேங்கு சூட்டை ஏத்தலாம், எறக்கலாம். நீங்க இன்னா பண்ணுவீங்க?"

"பழைய மாவு ஒரு வாளி நிறுத்தி வெச்சிருப்பேன். அத்த ஊத்தி, பாய்லர் ரூம் பக்கமா தள்ளி வெப்பேன்."

"நாங்களும் அப்டித்தான்மா. முடிஞ்ச டேங்குல அடியில ஈஸ்ட்டு நிக்கும். அத்த எடுத்து அடுத்த டேங்குல வுடுவோம்."

"எத்தினி வாட்டி?"

"கொஞ்ச வாட்டிதான். அப்பறம் வாசனை மாறும். தூக்கிப் போட்டுட்டு புதுசு எடுப்போம்."

"மாவும் மாறும்," என்றாள் அக்கா.

எனக்கு மூச்சு வந்தது. கதவோரம் நின்றிருந்த பவித்ராவுக்கும் வந்திருக்கும். இரண்டு கேண்டீன்காரர்கள் பேசிக்கொள்கிற மாதிரி இருந்தது. வெளியே வேன் ஹாரன் அடித்தது. அக்கா எழுந்திருக்கவில்லை.

"நேத்து குடிச்சியா?"

இந்தக் கேள்விக்கு நம்ம ஊரில் பதில் ஒன்றுதான். 'ச்சேச்சே!' குடிக்காதவனும் அதைத்தான் சொல்வான். குடித்தவன் இன்னும் சத்தமாகச் சொல்வான். நான் பையன் கண்ணைப் பார்த்தேன். சொல்லுடா, இல்லை என்று சொல்லுடா...

"குடிச்சேன்மா. மூணு டேங்கு ருசி பாத்தேன். ஒவ்வொண்ணுலயும் ஒரு வாய்."

பவித்ரா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"டெய்லியுமா?"

"வேலை இருக்கிற நாளெல்லாம்."

"வேலை இல்லாத நாளு?"

"ஃபிரெண்ட்ஸ் கல்யாணம் அது இதுன்னா ஒரு கிளாஸ் உண்டும்மா. ஒரு வாட்டி அதிகமாகி வாந்தி எடுத்துகீறேன். காலேஜ் படிக்கறப்ப."

அதை யார் கேட்டது? இவனுக்கு வாயில் ஒரு பூட்டு கிடையாதா?

"என் பொண்ணைக் கட்டினா நிறுத்துவியா?"

கொஞ்சம் யோசித்தான். காபி டம்ளரைக் கீழே வைத்தான்.

"இந்த வேலையில கீற வரைக்கும் ருசி பாத்துதான் ஆவணும்மா. நிறுத்திடறேன்னு உங்களுக்காகச் சொல்லலாம். நாளைக்கே பொய்யாயிடும்."

வேன் இன்னொரு ஹாரன் அடித்தது. நான் எழுந்து வாசலுக்குப் போய் டிரைவருக்குக் கை காட்டினேன் — போ, போ. முடிந்தது என்று நினைத்தேன். பையனைக் கூட்டிப்போய் பஸ் ஏற்றிவிட வேண்டியதுதான்.

திரும்பி வந்தால் அக்கா அவனைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பன் சாவற வரைக்கும் ஒரு நாள் குடிச்சேன்னு சொன்னதில்லடி," என்றாள். "வாந்தி எடுத்துகினே இல்லன்னு சொன்ன ஆளு. ஆஸ்பத்திரில டாக்டரு கேக்கறாரு, குடிப்பீங்களான்னு. கண்ணு மஞ்சளா கீது, வயிறு வீங்கிகீது. 'நான் அந்தப் பக்கமே போறதில்ல சார்'ன்றாரு. நானும் பக்கத்துல நின்னுகினு 'ஆமா சார்'ன்னேன்."

அக்கா அடையாள அட்டைக் கயிற்றை விரலில் சுற்றினாள்.

"குடி கூட அப்பறம்தான்டி. அந்தப் பொய்தான் என்னைத் தின்னுச்சி."

புடவைத் தலைப்பால் முகத்தை ஒரு துடைப்பு. அழுதாளா, வேர்வையா, எனக்குத் தெரியாது. பையன் பக்கம் திரும்பினாள்.

"இந்தா பாரு. இவ டெய்லி கேப்பா. குடிச்சியா, எத்தினின்னு. இன்னிக்கு சொன்ன மாதிரியே என்னிக்கும் சொல்லணும். ஒரு நாளு மறைச்சேன்னு தெரிஞ்சிது... நான் கேண்டீன் கிரைண்டர் புடிக்கறவ. கையைப் பாத்துக்க."

"சரி அத்தை," என்றான்.

அம்மா அத்தையாகிவிட்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"டேய்," என்றாள் என்னிடம். "அவங்க அப்பாருக்கு போன் போடு. கிருத்திகைக்குப் பூ எடுத்துனு வரச் சொல்லு. மல்லி வாங்கச் சொல்லு, கனகாம்பரம் வேணாம், இவளுக்குத் தலைவலி வரும். ஏன்டி நிக்கற? ராத்திரிலேர்ந்து பஸ்ல வந்துகீறான், இட்லி வை."

பவித்ரா சமையலறைக்கு ஓடினாள். போகிற போக்கில் என் தோளில் ஒரு அடி. நல்ல அடி. சந்தோஷத்தில் அடித்தாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அக்கா ஷேர் ஆட்டோ பிடித்துக் கேண்டீனுக்குப் போய்ச் சேரும்போது நல்ல லேட். அரிசி ஊறிக் காத்திருந்ததாம். சூப்பர்வைசர் ஏன் லேட் என்று கேட்டிருக்கிறார்.

"பொண்ணுக்கு மாப்பிள்ளை பேசி முடிச்சேன் சார். பீரு காய்ச்சற பையன். தெனம் குடிக்கறேன்னு சொன்னான். சரின்னுட்டு வந்தேன்," என்றாளாம்.

"ஒழுங்கான காரணம் சொல்லும்மா!" என்று கத்திவிட்டு, அரை நாள் லீவு போட்டுவிட்டாராம்.

உள்ளதைச் சொன்னால் எவன் நம்புகிறான்?